ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்: கும்பலுக்குச் சேதி அனுப்பிய வரலாறு



ஆன்லைனில் குழுவாக விளையாடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரிந்திருக்கும். ராத்திரி 9 மணிக்கு மேட்ச். குழுவில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே தட்டலில் சேதி போக வேண்டும். ஆனால் அந்த வசதியைத் திறந்து வைத்தால், மறுநாளே எவனோ ஒருவன் உள்ளே புகுந்து "இலவச காயின் வேண்டுமா? இந்த லிங்கைத் தட்டு" என்று ஆயிரம் பேருக்கு அனுப்புவான். மூடி வைத்தாலோ, நாம் சேர்ந்து விளையாடவே முடியாது. என்னதான் செய்வது?

இது விளையாட்டுப் பிள்ளைகளின் சின்னப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதே கேள்வியை வைத்து நம் நாட்டின் கோடிக்கணக்கான செல்போன்களில் ஒரு பெரிய பரிசோதனையே நடந்து முடிந்திருக்கிறது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

ஒரே வருடத்தில் பிறந்த இருவர்

1978 மே மாதம். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், கேரி தூர்க் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் தங்கள் புது மெஷினைப் பற்றிய விளம்பரத்தைச் சுமார் 400 பேருக்கு ஒரே மின்னஞ்சலாக அனுப்பினார். கேட்காமல் வந்த முதல் விளம்பர மடல் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதே 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். படம் கிடையாது, வெறும் எழுத்துதான். ஆனால் பலர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாம், பேசலாம். இன்றைய ஆன்லைன் விளையாட்டுகளுக்கெல்லாம் அது தாத்தா.

'ஸ்பாம்' என்ற பட்டப்பெயர் பிறகு வந்தது. 1970-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் டிவி நகைச்சுவையில், ஒரு டப்பா இறைச்சியின் பெயரையே திரும்பத் திரும்பக் கத்தி மற்றவர்களைப் பேசவிடாமல் செய்வார்கள். மட் வகை விளையாட்டுகளில் திரை நிரம்பக் குப்பையைக் கொட்டுவதற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தமிழில் சிலர் 'எரிதம்' என்கிறார்கள். பொருத்தமான சொல், பார்த்தாலே எரிகிறது :-)

நம் ஊருக்கு வருவோம்

"இதைப் பல பேருக்கு எழுதி அனுப்பு, இல்லாவிட்டால் கெடுதல் வரும்" என்று மிரட்டும் தபால் கார்டு பற்றி நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதிலும் எரிதம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் காசு, கையால் எழுதும் உழைப்பு. அதுவே ஒரு வேகத்தடை. எஸ்.எம்.எஸ். பூஸ்டர் பேக்குகள் வந்ததும் அந்த வேகத்தடை போய்விட்டது.

தொல்லை தாங்காமல் 2007-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டைக் கொண்டுவந்தது. வேண்டாம் என்கிறவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். ஆனாலும் ரியல் எஸ்டேட்காரர்களின் சேதிகள் நிற்கவில்லை. அதனால் 2011 செப்டம்பர் 27 முதல் கடும் விதி வந்தது. ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்-தான்! கூச்சல் எழுந்ததால் நவம்பரில் அதை 200 ஆக்கினார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொரட்டூர், பாடி, அம்பத்தூர் பையன்கள் 32 பேர் சேர்ந்து ஒரு விளையாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேப்டன் எல்லோருக்கும் ஒரு சேதி அனுப்பினால் 32. "நேரம் மாறிவிட்டது" என்று இன்னொன்று, 64. "இடம் மாறிவிட்டது", 96. நான்காவது சேதி 4 பேருக்குப் போனதும் நின்றுவிடும். மீதி 28 பேர் பழைய இடத்தில் போய் நிற்பார்கள். ஆனால் 10 சிம் வாங்கி வைத்திருக்கிற விளம்பரக்காரன்? அவன் அதே நாளில் ஜாலியாக 1000 அனுப்புவான். விதி யாரைப் பிடித்தது, யாரை விட்டது என்று பாருங்கள்.

வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வியாபார நோக்கமில்லாத தனிப்பட்ட சேதிகளுக்கு இப்படி எண்ணிக்கை வரம்பு போடுவது பேச்சுரிமைக்கு விரோதம் என்று 2012 ஜூலையில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஆகஸ்ட் வந்தது. வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப் போகிறார்கள் என்ற வதந்தி எஸ்.எம்.எஸ்-ஸில் பரவியது. பெங்களூர், புனே, சென்னையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பயந்துபோய் ரயில் ஏறினார்கள். அரசு அவசரமாகத் தலையிட்டு ஒரு நாளைக்கு 5 எஸ்.எம்.எஸ். என்று தடை போட்டது, பிறகு 20 ஆக்கியது. கும்பல் சேதி வெறும் எரிச்சல் மட்டுமல்ல, ஊரையே காலி செய்ய வைக்கும் என்று நாடு பார்த்தது அப்போதுதான்.

2012 நவம்பரில் டிராய் வேறு வழி பிடித்தது. 100-ஐத் தாண்டினால் ஒரு எஸ்.எம்.எஸ்-ஸுக்குக் குறைந்தது 50 பைசா. அந்த விதியும் 2020-ல் நீக்கப்பட்டது. அதற்குள் எல்லோரும் வாட்ஸப்புக்குக் குடிபோய்விட்டார்களே!

எண்ணிக்கை ஏன் தோற்றது?

எண்ணிக்கைக்குக் கண் கிடையாது. 32 நண்பர்களுக்குப் போகும் சேதியும் 32 அந்நியர்களுக்குப் போகும் சேதியும் அதற்கு ஒன்றுதான். அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் அவரை ஏற்றுக்கொண்டாரா என்பதைப் பார்த்தவர்களே ஓரளவு ஜெயித்தார்கள்.

வாட்ஸப்பின் பிராட்காஸ்ட் லிஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே சேதி போகும். என்ன எளிமையான பூட்டு! விளையாட்டு உலகிலும் இதே வழிதான். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டில் இலவச ஆரம்பக் கணக்கு வைத்திருப்பவர், தன்னை நண்பராகச் சேர்க்காதவருக்குத் தானாகத் தனிச் சேதி அனுப்ப முடியாது. 'ஸ்டீம்' 2015-ல், 5 டாலராவது செலவழிக்காத கணக்குகள் நட்பு அழைப்பு அனுப்ப முடியாதபடி செய்தது. ஆயிரம் போலிக் கணக்கு திறப்பவனுக்கு 5000 டாலர் செலவு. தபால் கார்டின் வேகத்தடை திரும்பி வந்துவிட்டது பாருங்கள்.

ஆனால் நண்பர்களே வதந்தியைப் பரப்பினால்? 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் அத்திமூரில், குழந்தை கடத்துகிறவர் என்று சந்தேகப்பட்டு, சென்னையிலிருந்து போன ஒரு வயதான பெண்மணியைக் கும்பல் அடித்தே கொன்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. குழந்தை கடத்தல் வதந்திகள் வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. நாட்டின் வேறு பல இடங்களிலும் இப்படி உயிர்கள் போயின. அந்த ஜூலையில் இந்தியாவில் ஃபார்வர்டு 5 உரையாடலுக்கு மட்டும் என்று வாட்ஸப் கட்டுப்படுத்தியது. 2019-ல் நம்மை யார் குழுவில் சேர்க்கலாம் என்று நாமே தீர்மானிக்கும் வசதி வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை ஃபார்வர்டு ஆன சேதியை ஒரு தடவைக்கு ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அதன்பின் அப்படிப்பட்ட சேதிகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது.

இதுவும் எண்ணிக்கைதானே என்று கேட்பீர்கள். இல்லை. இங்கே எண்ணப்படுவது ஆள் எத்தனை சேதி அனுப்பினார் என்பதல்ல, ஒரே சேதி எத்தனை கை மாறியது என்பது. நம் கேப்டன் புதிதாக எழுதும் "மேட்ச் 9 மணிக்கு" எந்தத் தடையுமில்லாமல் போய்ச் சேரும்.

ஆக, விளையாட்டுக் குழுவுக்கு வரலாறு சொல்லும் பாடம் நான்கு. தானாக விரும்பிச் சேர்ந்தவருக்கு மட்டும் சேதி போக வேண்டும். வெளியேற ஒரு தட்டல் போதுமானதாக இருக்க வேண்டும். நேற்று சேர்ந்தவருக்கு இன்றே எல்லோரையும் அழைக்கும் அதிகாரம் தரக்கூடாது. ஒரு குழுவுக்கு வந்த சேதி நூறு குழுவுக்குச் சுலபமாகத் தாவக்கூடாது. இந்த நான்கும் இருந்தால் 32 பேர் என்ன, 300 பேருக்கும் கேப்டன் தாராளமாக அனுப்பலாம்.

பூட்டு வேண்டியதுதான். ஆனால் சாவி சேதியை வாங்குகிறவர் கையில் இருக்க வேண்டும். 2011-ல் நாம் அதை அனுப்புகிறவர் வாயில் மாட்டினோம். திருடன் ஜன்னல் வழியாகப் போய்விட்டான், வீட்டுக்காரர்தான் வாசலில் நின்றார்.