ஈமாக்ஸ் கட்டளைகள்

ஈமாக்ஸ் என்னும் உரைத்திருத்தியில் பயனர் செய்யும் ஒவ்வொரு செயலும் ஒரு கட்டளை ஆகும். கட்டளைக்குப் பெயர் உண்டு, விளக்கக் குறிப்பு உண்டு. அதை இயக்கும் விசை பின்னர் இணைக்கப்படுவது. கண்ட்ரோல்-எஃப் அழுத்தினால் சுட்டி ஓர் எழுத்து முன்னே நகர்வது, அந்த விசையோடு ‘ஃபார்வர்ட்-கேர்’ என்ற கட்டளை பிணைக்கப்பட்டிருப்பதால்தான். சாதாரணமாக ‘ஏ’ விசையைத் தட்டி ஓர் எழுத்தைப் பதிப்பதும் ‘செல்ஃப்-இன்சர்ட்-கமாண்ட்’ என்ற கட்டளையின் வேலையே. ஆகவே எந்த விசையையும் எந்தக் கட்டளைக்கும் மாற்றிக்கொள்ளலாம். இல்லாத கட்டளையைப் பயனரே எழுதிச் சேர்க்கலாம்.

ஈமாக்ஸின் முன்னோடி டெக்கோ என்ற திருத்தி. டேன் மர்ஃபி 1962–63 காலத்தில் எம்.ஐ.டி.யின் பி.டி.பி.-1 கணினிக்காக இதை எழுதினார். தாள்நாடாவில் துளையிடப்பட்ட நிரல்களைத் திருத்துவது முதல் நோக்கம். டெக்கோவில் ஏறக்குறைய ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. பயனர் கட்டளைகளைத் தொடராகத் தட்டி, முடிவில் ஆல்ட்மோடு விசையை இருமுறை அழுத்துவார். அதன் பிறகே அவை நிறைவேறும். அந்தத் தொடரைப் பதிவகம் ஒன்றில் சேமித்து மீண்டும் இயக்கலாம் என்பதால், திருத்தும் மொழியே நிரல்மொழியாகவும் அமைந்தது. தம் பெயரையே கட்டளையாகத் தட்டினால் கோப்புக்கு என்ன நேரும் என்று கணித்துப் பார்ப்பது அக்கால நிரலாளர்களிடையே ஒரு விளையாட்டாக இருந்தது.

1970களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் மிக்கெல்சன், விசையை அழுத்தியவுடனே திரை மாறும் ‘கண்ட்ரோல்-ஆர்’ முறையை டெக்கோவில் சேர்த்தார். அதே ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன், ஸ்டான்ஃபோர்டு ஆய்வகத்தில் ஃபிரெட் ரைட் எழுதிய ‘ஈ’ என்ற திருத்தியைப் பார்த்துவிட்டு வந்து இம்முறையை விரைவாக இயங்கும்படி மாற்றி எழுதினார். அவர் அங்கே சென்ற ஆண்டு 1972 என்றும் 1974 என்றும் இருவிதமாகக் கூறப்படுகிறது. அவர் சேர்த்த மற்றொரு வசதியே இக்கட்டுரைப் பொருளுக்கு அடித்தளம்: எந்த விசையை அழுத்தினாலும் அதற்கென எழுதிய டெக்கோ நிரல் ஒன்று ஓடும்படி செய்யலாம் என்பதே அது.

விளைவு பெருக்கமும் குழப்பமும். ஆய்வகத்தில் பலரும் இத்தகைய நிரல்களைத் திரட்டித் தத்தம் மேக்ரோத் தொகுதிகளை உருவாக்கினர். டெக்மேக், டிமேக்ஸ் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. ஒருவர் பழகிய விசைகள் அடுத்தவர் முனையத்தில் வேறு வேலை செய்ததால், உதவி கேட்டு அழைத்தவருக்கு உதவுவதுகூடக் கடினமாயிற்று. 1976இல் கை ஸ்டீல் இவற்றை ஒருங்கிணைக்கும் பணியைத் தொடங்கினார்; டேவிட் மூன் உள்ளிட்ட வேறு சிலரும் துணைநின்றனர். ஸ்டீலும் ஸ்டால்மனும் ஓர் இரவு சேர்ந்து உழைத்தபின், எஞ்சிய வேலையை ஸ்டால்மன் முடித்தார். படைத்தவர் என ஒருவரையே சுட்ட வேண்டுமா, கூட்டுப் படைப்பு எனக் கொள்ள வேண்டுமா என்பதில் கருத்து ஒருமை இல்லை. ‘எடிட்டிங் மேக்ரோஸ்’ என்ற தொடரின் சுருக்கமே ஈமாக்ஸ் என்ற பெயராயிற்று. பாஸ்டன் பகுதி ஐஸ்கிரீம் கடை ஒன்றின் பெயரோடு இதைத் தொடர்புபடுத்தும் கதையும் வழங்குகிறது. ஆனால் ‘ஈ’ என்ற ஓரெழுத்துச் சுருக்கம் அந்த ஆய்வகத்தின் கணினி அமைப்பில் வேறெதற்கும் பயன்படவில்லை என்பதையே ஸ்டால்மன் காரணமாகக் கூறியுள்ளார்.

டெக்கோவில் அமைந்த இந்த முதல் ஈமாக்ஸிலேயே இன்றைய முறை பெரும்பாலும் உருப்பெற்றுவிட்டது. விசையில்லாத கட்டளையை மெட்டா-எக்ஸ் (மெட்டா விசையோடு எக்ஸ்) அழுத்திப் பெயர்சொல்லி அழைக்கலாம். கண்ட்ரோல்-யூ தட்டிவிட்டுக் கட்டளை கொடுத்தால் அது நான்கு முறையும், இருமுறை தட்டினால் பதினாறு முறையும் நடக்கும். எல்லாவற்றினும் சிறப்பானது, ஒவ்வொரு கட்டளையின் விளக்கமும் அக்கட்டளையோடே வைக்கப்பட்டதாகும். ஒரு விசை என்ன செய்யும் என்று திருத்தியையே கேட்கலாம்; பயனர் தாமே எழுதிய கட்டளையைப் பற்றிக் கேட்டாலும் அதே முறையில் விடை வரும். அச்சிட்ட கையேடு அருகில் இல்லாதவருக்கு இது பெரிய துணை. ஸ்டால்மன் 1981இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே ஈமாக்ஸை விரிவாக்கத்தக்கது, தனிப்பயனாக்கத்தக்கது, தன்னைத் தானே விளக்குவது என அடைமொழியிட்டுக் குறிப்பிட்டார்.

1978இல் பெர்னார்டு கிரீன்பெர்க், மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கான ஈமாக்ஸை லிஸ்ப் நிரல்மொழியின் ஒரு வகையான மேக்லிஸ்ப்பில் எழுதினார். கட்டளைகளை எழுதும் மொழியும் லிஸ்ப்பே ஆனது. அவரது அலுவலகச் செயலாளர்களும் தங்களுக்கு வேண்டிய கட்டளைகளை எழுதக் கற்றுக்கொண்டனர் என்று ஸ்டால்மன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அவர்கள் படித்த கையேடு இதை நிரலாக்கம் என்று எங்கும் குறிப்பிடாததால் தயக்கம் எழவில்லை என்பது அவர் தரும் விளக்கம். லிஸ்ப் கணினிகளுக்கு டேனியல் வைன்ரெப் ஐனே என்ற ஈமாக்ஸ் வகையை எழுதினார். ட்ஸ்வை அதன் வழிவந்தது.

யூனிக்ஸுக்கு ஜேம்ஸ் காஸ்லிங் 1981இல் சி மொழியில் ஓர் ஈமாக்ஸை எழுதினார். அதன் விரிவாக்க மொழியான மாக்லிஸ்ப், தோற்றத்தில் லிஸ்ப்பை ஒத்திருந்தும் பட்டியல் போன்ற தரவமைப்புகள் இல்லாதது. ஸ்டால்மன் 1984இல் தொடங்கிய குனு ஈமாக்ஸின் தொடக்கப் பதிப்புகளில் காஸ்லிங்கின் மூலநிரலில் ஒரு பகுதி இருந்தது. அதற்கு அனுமதி இருந்ததா என்பதில் ஸ்டால்மன் தரப்பும், காஸ்லிங்கிடமிருந்து உரிமை பெற்ற யூனிபிரஸ் நிறுவனமும் முரண்பட்டன. 1985இல் அப்பகுதி முழுவதும் புதிதாக எழுதப்பட்டது.

குனு ஈமாக்ஸின் விரிவாக்க மொழி ஈமாக்ஸ் லிஸ்ப். இதில் கட்டளை என்பது ‘இன்டராக்டிவ்’ என்ற கூற்றைக் கொண்ட செயற்கூறு. அக்கூற்று இல்லாத செயற்கூறு மற்ற நிரல்களுக்குப் பயன்படுமேயன்றி மெட்டா-எக்ஸில் கட்டளையாக அழைக்க முடியாது. ‘டீஃபன்’ என்ற சொல்லை அடுத்துப் பெயர், உள்ளீடுகள், விளக்கக் குறிப்பு, இன்டராக்டிவ் கூற்று, செய்ய வேண்டிய வேலை என்ற வரிசையில் வரையறை அமையும். உள்ளீட்டை எங்கிருந்து பெறுவது என்பதை ஓரெழுத்துக் குறிகள் சொல்கின்றன: ‘பி’ என்றால் கண்ட்ரோல்-யூ வழியாக வந்த எண், ‘ஆர்’ என்றால் தேர்ந்தெடுத்த பகுதியின் இரு எல்லைகள், ‘எஸ்’ என்றால் பயனரிடம் கேட்டுப் பெறும் சொற்றொடர். வரையறையின் இறுதியில் சுட்டியை வைத்துக் கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஈ அழுத்தினால் போதும். திருத்தியை மூடித் திறக்காமலே புதிய கட்டளை பயன்பாட்டுக்கு வந்துவிடும். நிலையாக வேண்டுமெனில் தொடக்கக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

விசைகள் விசைவரைபடங்களில் பதிவாகின்றன. கூடுதல் வசதிகளை இயக்கும் துணைநிலைக்குரிய வரைபடம் முதலிலும், கோப்பின் வகைக்கேற்ற முதன்மை நிலைக்குரியது அடுத்தும், பொது வரைபடம் கடைசியிலும் பார்க்கப்படும். கண்ட்ரோல்-சி அழுத்தித் தொடர்ந்து ஓர் ஆங்கில எழுத்து என்ற இணைவுகள் பயனருக்கே ஒதுக்கப்பட்டவை. தொகுதிகளை எழுதுவோர் அவற்றைத் தொடக்கூடாது என்பது மரபு. புதியவரைத் திகைக்கவைக்கும் சில கட்டளைகள் முடக்கிய நிலையில் தரப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, கோப்பின் ஒரு பகுதியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் ‘நேரோ-டு-ரீஜன்’, முதன்முறை அழைக்கும்போது உறுதி கேட்டே இயங்கும். லிஸ்ப் அறியாதவரும் தட்டும் விசைகளை மேக்ரோவாகப் பதிவுசெய்து, அதற்குப் பெயரிட்டுக் கட்டளையாக்கிக்கொள்ளலாம்.

1990களில் லூசிட் ஈமாக்ஸும் அதன் தொடர்ச்சியான எக்ஸ்ஈமாக்ஸும் தனிக்கிளையாக வளர்ந்தன. குனு ஈமாக்ஸின் 2012இல் வந்த 24ஆம் பதிப்பு தொகுதி மேலாளரை உள்ளடக்கியது. 2022இல் வந்த 28ஆம் பதிப்பில், நடப்புக் கோப்புக்குப் பொருந்தும் கட்டளைகளை மட்டும் மெட்டா-ஷிஃப்ட்-எக்ஸ் காட்டத் தொடங்கியது. 2023இன் 29ஆம் பதிப்பு விசையிணைப்புக்கு ‘கீமேப்-செட்’ என்ற புதிய செயற்கூறைத் தந்தது.

ஜப்பானில் உருவான மியூல் என்ற பன்மொழி விரிவாக்கம் 1997இல் 20ஆம் பதிப்போடு இணைந்தது. இன்று கிடைக்கும் தமிழ் உள்ளீட்டு முறைகள் அதன் வழிவந்த அமைப்பில் இயங்குபவை. ஒலிபெயர்ப்பு வழியில் தட்டுவோருக்குத் ‘தமிழ்-ஐட்ரான்ஸ்’, இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை பழகியோருக்குத் ‘தமிழ்-இன்ஸ்கிரிப்ட்’ ஆகியவை உண்டு. விரும்பிய முறையைத் தேர்ந்தபின் கண்ட்ரோலையும் பின்சாய்கோட்டையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம்; தமிழில் தட்டிக்கொண்டிருக்கும்போதும் கண்ட்ரோல், மெட்டா சேர்ந்த விசைக் கட்டளைகள் வழக்கம்போல் இயங்கும்.