பார்க்காத பந்தயத்தின் ரசிகன்

ஜூலை மாதம் வந்தால் எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரைக்கு யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். பிரான்ஸில் அப்போது சாயங்காலம் ஐந்து மணி. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அன்றைய ஓட்டம் முடியும் நேரம். போன வருடம் மகள் கேட்டாள், "ஒரு தடவைகூட நேர்ல பார்த்ததில்லை. பெங்களூர்ல உட்கார்ந்துகிட்டு நீ எப்படிப்பா இதுக்கு ரசிகர்?"

நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பந்தயத்தை யாருமே முழுசாகப் பார்க்க முடியாது. மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். சாலை ஓரத்தில் காலையிலிருந்து காத்திருப்பவர்களுக்குக் கூட்டம் ஒரு நிமிடத்தில் கடந்து போய்விடும். முன்னால் யார், பின்னால் யார், எவ்வளவு வித்தியாசம் என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பந்தயம் பிறந்ததே அப்படித்தான். பாரீஸில் 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை போட்டிப் பத்திரிகையோடு மல்லுக்கட்ட முடியாமல் தவித்துக் கொண்டிருந்தது. விற்பனை இருபத்தைந்தாயிரம் பிரதிதான். அதன் நிருபர் ஜியோ லெஃபெவ்ர் ஒரு யோசனை சொன்னார்: பிரான்ஸை ஒரு சுற்று சுற்றி வருகிற பந்தயம். ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ச் தயங்கித் தயங்கி ஒத்துக்கொண்டார். 1903 ஜூலை 1ஆம் தேதி 60 பேர் கிளம்பினார்கள். ஆறு கட்டம், 2,428 கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். முடித்தது 21 பேர். பத்திரிகை விற்பனை அறுபத்தைந்தாயிரமானது. ஆக, இதன் முதல் ரசிகர்கள் பேப்பர் படித்தவர்கள்தான். நான் அந்த வம்சம்.

ஜெயித்தவர் மோரிஸ் கரான். இத்தாலியில் பிறந்து, சின்ன வயதிலேயே பிரான்ஸுக்குப் பிழைக்க வந்து, புகைபோக்கி சுத்தம் செய்த பையன். பிழைப்புக்காக ஊர் மாறிய நமக்கு முதல் சாம்பியனே நம்ம ஆள்தான்! கடைசியாக வந்தவர் அவரை விட ஏறக்குறைய 65 மணி நேரம் பின்தங்கி முடித்தார்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2003இல். கோவில்பட்டியிலிருந்து வந்து மடிவாளாவில் மூன்று பேரோடு ஒரே அறையில் இருந்த காலம். ஜூலை 21, திங்கட்கிழமை. ஆபீஸில் யாரோ பந்தய நிலவரத்தை வரி வரியாகப் போடும் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். லுஸ் ஆர்டிடென் மலை ஏற்றத்தில் ஒரு பார்வையாளரின் பையில் ஹேண்டில்பார் மாட்டி லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் விழுந்தார். அடுத்த வரி வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. எதிரி யான் உல்ரிச் காத்திருந்தார். எழுந்தவர் அன்று ஜெயித்தும் விட்டார். மொத்தப் பந்தயத்தில் வித்தியாசம் 61 விநாடி.

அன்று ராத்திரி வீட்டுக்கு எஸ்.டி.டி. போட்டபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்த்தவர். முப்பது வருடம் ஹெர்குலிஸ் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, கடைசியா வந்தவன் யாருலே?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து அதையும் பார்த்து வைத்துக்கொண்டுதான் போன் செய்தேன். கடைசி ஆளுக்குப் பிரெஞ்சில் 'சிவப்பு விளக்கு' என்று பெயர். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கு. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

அவருக்கு அதைவிடப் பிடித்தது யூஜின் கிறிஸ்தோஃப் கதை. 1913இல் தூர்மலே மலையில் இறங்கும்போது கிறிஸ்தோஃபின் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் உடைந்தது. யாரிடமும் உதவி வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே காய்ச்சி அடித்துச் சேர்த்தார். துருத்தி ஊத மட்டும் ஒரு சிறுவன். அதற்கும் அபராதம் போட்டார்கள்! 1919இல் தலைவருக்கு மஞ்சள் சட்டை தரும் வழக்கம் வந்தபோது அதை முதலில் போட்டவரும் இவர்தான். அந்த வருடமும் ஃபோர்க் உடைந்து வெற்றி கைநழுவியது.

2004இல் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். அந்த வருடம் பெங்களூரில் பாதிப் பேர் கையில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மஞ்சள் ரப்பர் பட்டை இருந்தது. நானும் ஒன்று வாங்கிக்கொண்டு போய் அப்பா கையில் மாட்டினேன். 1996இல் நுரையீரல், மூளை வரைக்கும் நோய் பரவிய மனுஷன் பிழைத்து வந்து, 1999இலிருந்து வருடா வருடம் ஜெயிக்கிறான் என்று சொன்னேன். அந்த ஜூலையில் அப்பாவுக்குப் பேச முடியவில்லை. அம்மா ரிசீவரை அவர் காதில் வைப்பாள், நான் சொல்லிக்கொண்டே போவேன். கடைசியில் வந்தவன் ஜிம்மி காஸ்பர்ப்பா, 2001லயும் அவன்தான் கடைசி என்றேன். சிரிக்கிறார் என்றாள் அம்மா. அடுத்த ஜூலைக்கு அப்பா இல்லை.

2012 அக்டோபர் 22 அன்று ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. ஊக்கமருந்து. அடுத்த ஜனவரியில் டிவி பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார். 1999 முதல் 2005 வரைக்கும் வெற்றியாளர் பட்டியல் இன்றும் காலியாகத்தான் கிடக்கிறது. எனக்குக் கோபத்தை விடக் கூச்சம்தான் அதிகம். சாகக் கிடந்த மனுஷனிடம் தினமும் ஒரு பொய்யையா சொல்லிக்கொண்டிருந்தேன்?

அதற்குப் பிறகுதான் பழைய வரலாற்றையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். 1904இல் இரண்டாவது பந்தயத்திலும் கரான்தான் முதலில் வந்தார். முறைகேடு என்று அவரையும் சேர்த்து முதல் நான்கு பேரையும் தகுதி நீக்கம் செய்தார்கள். ரயிலில் ஏறிப் போனதாகக்கூடப் புகார்! ஏமாற்றும் இந்தப் பந்தயத்தின் கூடவே பிறந்ததுதான். பார்க்காமல் நம்புகிற ரசிகனுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆனால் அந்த நோய் பொய்யில்லை, பிழைத்ததும் பொய்யில்லை. கிறிஸ்தோஃப் அடித்துச் சேர்த்த ஃபோர்க்கும் பொய்யில்லை. அப்பா கேட்ட அந்தக் கடைசி ஆள் பேரில் யாரும் அவரை ஏமாற்றவில்லை. இப்படி நினைத்து ஓரளவு சமாதானம் ஆகிக்கொண்டேன்.

பெங்களூரும் மாறிவிட்டது. 2008 டிசம்பரில் இங்குள்ள சைக்கிள் ஆர்வலர்கள் டூர் ஆஃப் நீலகிரிஸ் தொடங்கினார்கள். தொழில்முறைப் பந்தயம் இல்லைதான். ஆனாலும் நாள் கணக்கில் ஓட்டி, மசினகுடியிலிருந்து கல்லட்டி மலை ஏறி ஊட்டிக்குப் போகிற பயணம். நவீன் ஜான் அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங் படித்தவர். வேலையை விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டி, தேசிய சாம்பியனாகி, 2016இல் தோஹாவில் உலக சாம்பியன்ஷிப் நேர ஓட்டத்தில் அர்விந்த் பன்வாரோடு இந்தியாவுக்காக இறங்கினார். 2026 ஜனவரியில் புனேயில் வெளிநாட்டு அணிகளெல்லாம் வந்து ஐந்து நாள் சர்வதேசப் பந்தயம் நடந்தது. அதையும் நான் பெங்களூரில் இருந்துதான் பார்த்தேன், செல்போனில்!

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அம்மா இன்னும் கோவில்பட்டியில்தான் இருக்கிறாள். ஜூலை பிறந்தால், "அந்தச் சைக்கிள்காரங்க கிளம்பியாச்சாடா?" என்று போனில் கேட்பாள். போன வருடம் கடைசி இரண்டு வாரமும் பாட்டிக்கு நிலவரம் சொன்னது மகள்தான். முதலில் வந்தவர் யார், கடைசியில் வந்தவர் யார், இரண்டையும்.