தஞ்சோங் துவானில் இளவேனில்

நிலநடுக்கோட்டை அடுத்த மலேசியாவில் இளவேனில் என்றொரு பருவம் இல்லை. ஆயினும் அதன் வருகையை உணர்த்தும் அடையாளங்கள் இரண்டு நெகிரி செம்பிலானில் உண்டு. ஒன்று மண்ணில் நிகழ்வது: மாசியை ஒட்டி ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும், பால் குறையும். மற்றொன்று வானில் நிகழ்வது: சுமத்திரா முதலிய தீவுகளில் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள், சைபீரியா, ஜப்பான் முதலிய வடநாடுகளில் கூடு கட்டத் திரும்பும் காலமும் அதுவே.

நிலத்தினின்று எழும் வெப்பக் காற்றில் மிதந்தே பருந்து நெடுந்தொலைவு செல்கிறது. கடல்மேல் அக்காற்று அரிது. சிறகடித்தே கடக்க வேண்டும். ஆதலின் கடல் குறுகிய இடத்தை நாடுகிறது. ரூபாட் தீவிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடந்து, போர்ட்டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான் முனையை அடைகிறது. களைத்துத் தாழப் பறந்து வருவதால், கரையில் நிற்போர் கண்களுக்கு அது விருந்தாகிறது.

நெகிரி செம்பிலான் நிலம் சூழ்ந்திருப்பினும் இம்முனை மலாக்காவுக்கு உரியது. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இங்கே கலங்கரை விளக்கம் அமைத்தனர். 1606இல் இம்முனைக்கு அப்பாலுள்ள கடலில் டச்சுக்காரருடன் பொருதனர். பிற்காலத்தில் சுற்றுப்புறக் காடுகள் தமிழர் உழைத்த ரப்பர்த் தோட்டங்களாக மாறியபோதும், இக்குன்றின் காடு தப்பியது. 1921இல் ஒதுக்கக் காடாயிற்று. மலேசிய இயற்கைக் கழகம் 2000இல் இங்கே பருந்து காணும் விழாவைத் தொடங்கியது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பருவங்களைக் கற்பிக்கும் ஆசிரியர், இளவேனிலை ஏட்டில் மட்டும் தேட வேண்டுவதில்லை. கப்பலுக்கு வழிகாட்டிய முனை பறவைக்கும் புகலிடமாவது, அச்சிறு காடு நிலைக்கும் வரையில்தான்.