கணப்பும் கரியும்

வருஷத்தில் பாதிக் காலம் ஈரத்தோடும் குளிரோடும் மல்லுக்கட்ட வேண்டிய ஒரு தேசத்தின் ஜனங்கள், வீட்டைச் சூடாக்கும் சாதனங்களுள் உத்தமமானதையே தேர்ந்துகொண்டிருப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் இங்கிலாந்து தேசத்தார் முந்நூறு வருஷங்களுக்கு மேலாக, அவற்றுள் மிக மட்டமானது என்று சொல்லத்தக்க ஒன்றைத்தான் பிரியத்தோடு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியிலும் ருஷ்யாவிலும், ஓடு பதித்த பெரிய மூடிய அடுப்பு, காலையில் ஒருமுறை மூட்டினால் இரவு வரையில் அறை முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்திருந்த அதே காலத்தில், லண்டன் நகரத்துக் குடும்பமோ, சுவரில் குடைந்த கணப்பு மாடத்தில் இரும்புத் தட்டியின்மேல் நிலக்கரியைக் குவித்துத் திறந்தபடியே எரித்து, அதன் உஷ்ணத்தில் பெரும்பகுதியைப் புகைபோக்கி வழியே ஆகாயத்துக்குத் தானம் செய்துவிட்டு, எஞ்சியதை முகத்திலும் முழங்காலிலும் வாங்கிக்கொண்டு, முதுகு குளிர உட்கார்ந்திருந்தது.

இந்தக் கரி லண்டனுக்கு வந்தது கடல் வழியாக. வடக்கே டைன் நதிக்கரையில் உள்ள நியூகாஸிலிலிருந்து கப்பலேறி, கிழக்குக் கரையோரமாகவே வந்து தேம்ஸ் நதியில் இறங்கிற்று. அதன் நாற்றத்தையும் புகையையும் சகிக்காமல் 1306-ஆம் ஆண்டிலேயே முதலாம் எட்வர்டு மன்னர் அதை எரிக்கக் கூடாதென்று பிரகடனம் செய்தார். ஆயினும் பதினாறாம் நூற்றாண்டில் விறகின் விலை ஏறியபோது, வேறு வழியற்ற ஏழைகளும், பின்னர் அவர்களைத் தொடர்ந்து தனவந்தரும் கரிக்கு மாறினார்கள். விறகுப் புகையையாவது ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். கரிப் புகை அறையில் தங்கினால் மனிதர் தங்க முடியாது. எனவே கூடத்தின் நடுவே எரிந்த பழைய நெருப்பு சுவரோரம் ஒதுங்கிற்று. அதற்கு மேலே குறுகலான புகைபோக்கி எழுந்தது. வீட்டின் அமைப்பே மாறிப்போயிற்று.

1661-இல் ஜான் ஈவ்லின் என்னும் கனவான் லண்டன் புகையின் கொடுமையை விவரித்து ஒரு நூல் எழுதி இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சமர்ப்பித்தார். புகை குறைந்தபாடில்லை, ஆனால் மறு வருஷமே கணப்பு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி வந்து சேர்ந்தது. வரி தண்டுவோர் வீட்டுக்குள் புகுந்து கணப்புகளை எண்ணிச் சென்ற அவமானத்தை ஜனங்கள் மறக்கவேயில்லை. 1689-இல் அந்த வரி ஒழிந்தது. 1666-ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு நகரத்தையும் செயின்ட் பால் தேவாலயத்தையும் மீண்டும் கட்டுவதற்குப் பணம் தந்ததும் கரியின்மீது விதித்த வரியே என்பது இங்கே நினைக்கத்தக்கது.

குறுகிய புகைபோக்கிக்குள் படியும் புகைக்கரியைச் சுரண்ட, அதற்குள் நுழையத்தக்க சிறு தேகம் வேண்டியிருந்தது. நான்கைந்து வயதுப் பாலகர்களை எஜமானர்கள் விலைக்கு வாங்கி, முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இருட்டுக்குள் ஏறச் செய்தார்கள். இப்படி வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ஒருவகைப் புற்றுநோய் வருகிறதென்றும், உடம்பில் ஒட்டிய புகைக்கரியே அதற்குக் காரணமென்றும், 1775-இல் பெர்சிவல் பாட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எழுதினார். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றக் கூடாதென்று 1788-இல் ஒரு சட்டம். இருபத்தோரு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றக் கூடாதென்று 1840-இல் ஒரு சட்டம். இரண்டையும் ஊரார் காற்றிலே விட்டார்கள். ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் 1875-இல் போலீசாரிடம் உரிமம் பெற்றே தொழில் செய்ய வேண்டுமென்ற சட்டம் வந்தபிறகுதான் அக்கொடுமை நின்றது. நீண்ட பிடியுள்ள துடைப்பம் எழுபது வருஷங்களாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இவ்வளவு தாமதம்! கணப்பின் ஒளியிலே அமர்ந்து தருமத்தைப் பற்றிப் பேசிய கனவான்களுக்குத் தலைக்கு மேலே நடந்தது தெரியாதென்று நம்புவது கடினம்.

நெருப்பை வளர்ப்பதும் சாமானிய காரியமன்று. வண்டிக்காரன் தோல் போர்த்திய முதுகில் ஐம்பது கிலோவுக்குச் சற்று மேற்பட்ட மூட்டைகளைச் சுமந்து வந்து, நடைபாதையில் பதித்திருக்கும் வட்டமான இரும்பு மூடியைத் திறந்து, தெருவுக்கு அடியிலுள்ள நிலவறைக்குள் கொட்டிவிட்டுப் போவான். விடியுமுன் வேலைக்காரி, வேலைக்காரி இல்லாத வீட்டில் இல்லத்தரசி, முந்தின நாள் சாம்பலை அள்ளி, தட்டியைத் துலக்கி, காகிதமும் சுள்ளியும் அடுக்கி, மேலே சிறு கரித் துண்டுகளை வைத்துப் பற்றவைத்து, காற்று இழுப்பதற்காக மாடத்தின் வாயை ஒரு செய்தித்தாளால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தத் தாளே சில வேளைகளில் தீப்பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் அனல் இருப்பது ஓர் அறையில் மட்டுமே. படுக்கையறையில் யாராவது நோயுற்றாலொழியக் கணப்பு மூட்டுவதில்லை. காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்திலேயே பனி பூத்திருக்கும். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, தொண்டையைச் சுருக்கினால் சூடு அறைக்குள் திரும்புமென்று 1790-களிலேயே கவுண்ட் ரம்போர்டு என்பவர் செய்து காட்டியதால், அறியாமையின்மீது பழிபோட வழியில்லை. அவருடைய திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்களேயன்றி, தீ கண்ணுக்குத் தெரியாத மூடிய அடுப்புக்கு மாற ஒருப்படவில்லை.

இந்த அபிமானத்துக்கு முதற்சோதனையாக வந்தது 1947-ஆம் ஆண்டின் குளிர்காலம். ஜனவரி முதல் தேதி சுரங்கங்கள் தேசத்தின் உடைமையாயின. அந்த மாதம் முடிவதற்குள் தொடங்கிய பனி மார்ச் நடுப்பகுதி வரை நாட்டின் ஏதாவதொரு பகுதியில் நாள் தவறாமல் பெய்தது. சுரங்க வாசலில் கரி குவிந்து கிடந்தது. அதை ஏற்றிச்செல்ல வேண்டிய ரயில் வண்டிகளோ பனியில் புதைந்து கிடந்தன. எரிபொருள் மந்திரி ஷின்வெல், பிப்ரவரி 7-ஆம் தேதி பெரும்பகுதித் தொழிற்சாலைகளுக்கு மின்சாரத்தை நிறுத்துவதாக அறிவித்தார். வீடுகளுக்கும் பகலில் ஐந்து மணி நேரம் மின்சாரம் இல்லை. ஜனங்கள் மெழுகுவத்தி ஏற்றி, ஓவர்கோட்டோடு படுத்தார்கள். அந்தப் பிப்ரவரி 20-ஆம் தேதிதான் பிரதமர் அட்லி, 1948 ஜூனுக்குள் இந்தியாவின் ஆட்சியை இந்தியரிடம் ஒப்படைப்பதாகப் பார்லிமெண்டில் தெரிவித்தார். தன் தலைநகரத்துக்கே கரி கொண்டுவந்து சேர்க்க முடியாத ராஜ்யத்தின் பிரகடனம் அது.

கரியின் பஞ்சம் செய்யாததை அதன் புகை செய்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை, காற்று அசையாத கடுங்குளிரில், பங்கீட்டுக் கட்டுப்பாடின்றிக் கிடைத்த மட்டமான தூள்கரியையும் சேர்த்து லட்சக்கணக்கான கணப்புகள் எரிய, மஞ்சள் மூடுபனி லண்டனை அடைத்துக்கொண்டது. நாடகசாலைக்குள்ளும் புகை நுழைந்ததால் சாட்லர்ஸ் வெல்ஸில் ஓர் இசை நாடகம் பாதியில் நின்றது. அப்போது மாண்டவர் சுமார் 4,000 பேர் என்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சியாளர் 12,000 வரை சொல்கிறார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறி, புகையற்ற வட்டாரங்கள் ஏற்பட்டு, பழைய கணப்புகளை மாற்றுவோருக்கு அரசாங்கப் பணமும் கிடைத்தது.

வடகடல் எரிவாயுவும் வெந்நீர்க் குழாய்களும் வந்தபின் வீடு முழுவதும் ஒரே சீராகச் சூடாயிற்று. 2023 மே மாதம் முதல் இங்கிலாந்தில் வீட்டு உபயோகத்துக்கான சாதாரண நிலக்கரியை விற்பதே தடையாகிவிட்டது. ஆயினும் வெறும் மாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வராமல், பொய்க் கரித் துண்டுகளுக்குக் கீழே விளக்கெரிந்து தீ நாக்குகளைப் போல நிழலாடும் மின்சார அடுப்புகளை ஜனங்கள் வாங்கி வைத்தார்கள். அவற்றுள் பலவற்றில், சூட்டை நிறுத்திவிட்டுச் சுடரை மட்டும் எரியவிடுவதற்கென்று தனியாக ஒரு விசையும் உண்டு.