ஆர்டர் பிடித்துக் கொடுத்தவருக்கு 15% கமிஷன்: போட்டோகிராபர் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

"ஒரு கல்யாண ஆர்டர் இருக்கு. பட்ஜெட் 60,000 ரூபாய். எனக்கு 15 பர்சன்ட் குடுத்துடுங்க, போதும்."

ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர்களுக்கு இப்படி ஒரு அழைப்பு புதிதல்ல. அழைப்பவர் ஈவென்ட் மேனேஜராகவோ, மேக்கப் ஆர்டிஸ்டாகவோ இருக்கலாம். அதே தேதியில் வேறு வேலை இருக்கிற இன்னொரு போட்டோகிராபராகவும் இருக்கலாம்.

இப்படிக் கமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் சட்டப்படி தவறில்லை. எத்தனை சதவீதம் என்று எந்தச் சட்டமும் சொல்வதும் இல்லை. எல்லாமே பேச்சில் முடிவாகிறது. அந்தப் பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போகிற கேள்வி ஒன்று உண்டு: எதில் 15%?

எதில் 15%?

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆர்டர் தொகை 60,000 ரூபாய். இரண்டாவது கேமராமேனுக்கு 12,000, ஆல்பத்துக்கு 15,000, எடிட்டிங்குக்கு 8,000, பயணத்துக்கு 5,000 என 40,000 ரூபாய் செலவாகிறது. மிச்சம் 20,000 ரூபாய்.

மொத்தத் தொகையில் 15% என்றால் கமிஷன் 9,000 ரூபாய். கேட்க 15 சதவீதம்தான்; ஆனால் உங்கள் கைக்கு வரவேண்டியதில் 45% போய்விடுகிறது. அதே 15 சதவீதத்தைச் செலவு போக மிஞ்சியதில் கணக்கிட்டால் 3,000 ரூபாய்தான். அதனால், சதவீதத்தைப் பேசும் முன் எந்தத் தொகையில் என்பதைப் பேசுங்கள். செலவுக் கணக்கைக் காட்ட விருப்பமில்லை என்றால், இவ்வளவு ரூபாய் என்று ஒரே தொகையாகப் பேசிவிடலாம்.

எப்போது கொடுக்க வேண்டும்?

வாடிக்கையாளரிடம் இருந்து பணம் வந்த பிறகு, வந்த அளவுக்கு மட்டும். அட்வான்ஸ் 20,000 வந்தால், ஒப்புக்கொண்ட கமிஷனில் மூன்றில் ஒரு பங்கு. நிகழ்ச்சி ரத்தாகி அட்வான்ஸைத் திருப்பித் தர நேர்ந்தால் கமிஷனும் திரும்ப வருமா? அதே குடும்பம் அடுத்த வருடம் நேரடியாக அழைத்தால் அதற்கும் கமிஷன் உண்டா? சண்டை வருவது இந்த இரண்டில்தான். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆர்டர் உறுதியாகும் முன்பே "பதிவுக் கட்டணம்" அனுப்பச் சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

படம் யாருக்குச் சொந்தம்?

வாடிக்கையாளரை அறிமுகம் செய்துவிட்டு ஒதுங்குவது ஒன்று. ஆர்டரைத் தானே எடுத்து, வேலையை மட்டும் உங்களிடம் தருவது வேறு. பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவுப்படி, பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் சொல்லி எடுத்த படத்தின் முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்னவர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர. இரண்டாவது வகையில், அந்தப் படங்களை உங்கள் இன்ஸ்டாகிராமில் போடக்கூட அனுமதி தேவைப்படலாம்.

வரி உண்டா?

ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு, சேவைகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். வாடிக்கையாளர் உங்களிடம் 60,000 கொடுத்தால், கமிஷன் போக மீதி அல்ல, முழு 60,000 ரூபாயும் உங்கள் வருவாயில் சேரும். கமிஷன் வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்து 18% தனியாகக் கேட்டால், 9,000 ரூபாய் 10,620 ஆகிவிடும். "வரி உட்பட" என்று பேசிக்கொள்வது நல்லது.

வருமான வரிக் கணக்கில் கமிஷனைச் செலவாகக் காட்ட ஆதாரம் வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, அதைச் செலவாகக் கழிக்க முடியாது. யுபிஐ அல்லது வங்கி வழியாக அனுப்புவதே பாதுகாப்பு.

வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டுமா?

நண்பர் ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டதோடு சரி என்றால் பெரிய சிக்கல் இல்லை. ஆனால், கல்யாண வீட்டாரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் சார்பில் ஆள் தேடும் திட்டமிடுபவர், மறுபக்கம் உங்களிடமும் ரகசியமாக வாங்கினால்? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 216-வது பிரிவு, தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் அந்த வேலையில் சொந்தக் கணக்கு பார்க்கும் முகவரிடம், கிடைத்த பலனைக் கேட்கும் உரிமையை அமர்த்தியவருக்குத் தருகிறது. அந்த கமிஷனை ஈடுகட்ட நீங்கள் விலையை ஏற்றியிருந்தால், வாடிக்கையாளரின் கோபம் உங்கள் மீதும் திரும்பும்.

ஒரு மெசேஜ் போதுமா?

மின்னணு வழியில் செய்தது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 10ஏ பிரிவு. எனவே போனில் பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்றை அனுப்பிவிடுங்கள்:

"இந்த ஆர்டருக்கு மட்டும் கமிஷன் 3,000 ரூபாய், வரி உட்பட. வாடிக்கையாளர் பணம் தரத் தர அதே விகிதத்தில் அனுப்புகிறேன். ரத்தாகி அட்வான்ஸ் திரும்பினால் கமிஷனும் திரும்ப வேண்டும். சரியா?"

அந்தப் பக்கமிருந்து "சரி" என்று பதில் வந்த பிறகு தேதியை ஒதுக்குங்கள்.