கால்வாயும் கடனும்: எகிப்து தரும் படிப்பினை

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும்.

 

இரும்பின் பெயரால் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் இடம்பெற்றுள்ளது. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பை இளக்கிக் கொடுத்துக் கவசம் செய்யும் கலையைக் கற்பித்ததைத் தன் அருட்கொடையாக அல்லாஹ் எடுத்துரைக்கின்றான். நூஹ் நபி (அலை) அவர்கள் இறைக்கட்டளைப்படி கப்பல் கட்டினார்கள். எனவே தொழிலும் தொழில்நுட்பமும் நமது மார்க்கத்திற்கு அந்நியமானவை அல்ல.

ஆயினும், “முஸ்லிம்கள் இயந்திரங்களைப் புறக்கணித்தார்கள், அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் அடிமைப்பட்டார்கள்” என்ற கூற்றை நாம் அடிக்கடி செவியுறுகின்றோம். இது முழு உண்மையா? எகிப்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பாருங்கள். அந்நாடு இயந்திரங்களைப் புறக்கணிக்கவில்லை, ஆவலுடன் வரவேற்றது. அப்படியிருந்தும் 1882இல் அந்நியர் வசமானது. ஏன் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

ஆலைகள் எழுந்தன

1798இல் நெப்போலியனின் படை எகிப்தில் இறங்கியது. மூன்றே ஆண்டுகளில் அது வெளியேறினாலும், ஐரோப்பாவின் படைபலம் எத்தகையது என்பதை எகிப்து கண்டுகொண்டது. 1805இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற முஹம்மது அலீ பாஷா, அந்தப் பலத்தைத் தாமும் பெறத் துணிந்தார். நீண்ட இழைப் பருத்தி பயிரிடப்பட்டது. 1830களின் இறுதிக்குள் ஏறத்தாழ 30 பஞ்சாலைகள் இயங்கின. ஆயுதப் பட்டறைகளும் அலெக்ஸாந்திரியாவில் கப்பல் கட்டும் தளமும் உருவாயின.

அறிவுத்துறையிலும் பணிகள் நடந்தன. கெய்ரோவை அடுத்த பூலாக்கில் அரசு அச்சகம் நிறுவப்பட்டது. 1822இல் அங்கு அச்சாகி வெளிவந்த முதல் நூல், ஓர் அரபு–இத்தாலிய அகராதி. 1827இல் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மாணவர் குழுவொன்று பாரிஸ் சென்றது. அம்மாணவர்களுக்குத் தொழுகை நடத்தும் இமாமாகச் சென்றவர், அல்அஸ்ஹரில் பயின்ற இளைஞர் ரிஃபாஆ அத்தஹ்தாவி. அவர் இமாமத்துடன் நின்றுவிடாமல் பிரெஞ்சு மொழியைக் கற்றுத் தேர்ந்தார். தாயகம் திரும்பியபின் மொழிகள் பள்ளியின் தலைவராகி, எண்ணற்ற அறிவு நூல்கள் அரபியில் பெயர்க்கப்படக் காரணமானார்.

ஆனால் ஆலைகளின் மறுபக்கம் இருண்டது. விவசாயி விளைவித்த பருத்தியை அரசு தானே நிர்ணயித்த விலைக்கு எடுத்துக்கொண்டது. வேறெவருக்கும் விற்க அவனுக்கு உரிமையில்லை. ஆலைகளுக்கும் படைக்கும் ஆட்களைப் பலவந்தமாகப் பிடித்துச் சென்றனர். படைக்குச் செல்லாமல் தப்புவதற்காகத் தம் கண்ணைத் தாமே குருடாக்கிக் கொண்டோரும், விரலை வெட்டிக் கொண்டோரும் இருந்தனர் என்பது வரலாறு. அலெக்ஸாந்திரியாவை நைல் நதியுடன் இணைக்கும் மஹ்மூதிய்யாக் கால்வாய் 1820இல் முடிந்தது. அதைத் தோண்டப் பிடித்துவரப்பட்ட குடியானவர்களில் ஆயிரக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மாண்டனர்.

அந்த ஆலைகள் நிலைத்தனவா? நிலக்கரி இல்லாத நாட்டில் பெரும்பாலான இயந்திரங்களை மாடுகளே இழுத்தன. பழுதுபார்க்கத் தேர்ந்தவர்கள் போதவில்லை. 1838இல் உதுமானிய அரசும் பிரிட்டனும் செய்த வணிக ஒப்பந்தம் அரசின் ஏகபோகத்தைத் தடைசெய்து, அந்நியச் சரக்குகளுக்குக் குறைந்த வரியில் வழிதிறந்தது. 1841இல் எகிப்தின் படை 18,000 பேராகக் குறைக்கப்பட்டது. சீருடைத் துணிக்கான தேவையும் உடன் குறைந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அச்சகமும் மருத்துவப் பள்ளியும் தஹ்தாவியின் மொழிபெயர்ப்புப் பணியும் மட்டும் பின்வந்த தலைமுறைகளுக்கும் பயன் தந்தன.

கால்வாய் திறந்தது

1854இல் சயீத் பாஷா, ஃபெர்டினான்ட் டி லெஸ்ஸெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரருக்கு சூயஸ் கால்வாய் வெட்டும் உரிமையை வழங்கினார். 1859 ஏப்ரலில் வேலை தொடங்கியது. மாதந்தோறும் சுமார் 20,000 குடியானவர்கள் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டனர். மண்வெட்டியும் கூடையுமே அவர்களின் கருவிகள். சொற்பக் கூலி, சுடுமணல், கேட்பாரற்ற வாழ்வு.

இந்தக் கட்டாய வேலையை அடுத்து வந்த இஸ்மாயீல் பாஷா நிறுத்த முற்பட்டபோது நடந்ததைக் கேளுங்கள். ஒப்பந்தத்தை மீறியதாகக் கால்வாய் நிறுவனம் இழப்பீடு கோரியது. நடுவராக அமர்ந்தவர் பிரான்சின் மன்னர் மூன்றாம் நெப்போலியன். எகிப்து 8 கோடியே 40 லட்சம் பிராங்க் செலுத்த வேண்டுமென 1864இல் அவர் தீர்ப்பளித்தார். அதில் 3 கோடியே 80 லட்சம், கட்டாய ஆட்களை அனுப்பாமல் நிறுத்தியதற்கான ஈடு! தன் மக்களைக் கொடுமையிலிருந்து விடுவித்ததற்கே ஒரு நாடு அபராதம் செலுத்தியது.

1869 நவம்பர் 17இல் கால்வாய் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றாமலே இந்தியா வரலாயின. உலக வணிகத்தின் திசையே மாறியது.

கடன் விழுங்கியது

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வருவது தடைப்பட, எகிப்தின் பருத்தி பொன்னாக விலைபோனது. இந்த வருவாய் என்றும் நிலைக்கும் என்று நம்பி, இஸ்மாயீல் பாஷா இருப்புப்பாதைகளும் பாலங்களும் மாளிகைகளும் கட்டினார். போர் முடிந்தது; விலை சரிந்தது; செலவு மட்டும் குறையவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கினார். அந்த வட்டியைக் கட்ட மீண்டும் கடன் வாங்கினார். 1873இல் 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கைக்கு வந்ததோ ஏறத்தாழ 2 கோடி. அவர் பதவியேற்றபோது சுமார் 30 லட்சம் பவுண்டாக இருந்த கடன், 1876இல் 9 கோடியைத் தாண்டியது.

1875இல் கால்வாய் நிறுவனத்தில் எகிப்துக்கிருந்த 44 விழுக்காட்டுப் பங்குகளை ஏறத்தாழ 40 லட்சம் பவுண்டுக்கு பிரிட்டன் வாங்கிக்கொண்டது. தம் குடிமக்களின் உழைப்பால் வெட்டப்பட்ட கால்வாய், ஆறே ஆண்டுகளில் கைநழுவியது. 1876இல் கடன் கொடுத்தோரின் ஆணையம் கெய்ரோவில் அமர்ந்தது. 1879இல் இஸ்மாயீல் பதவியிழந்தார். இந்நிலையை எதிர்த்து எழுந்த அஹ்மத் உராபி பாஷாவின் படை, 1882 செப்டம்பரில் தல் அல்கபீர் போரில் தோற்றது. எகிப்து பிரிட்டனின் பிடியில் வீழ்ந்தது. கால்வாய் தேசியமயமாக்கப்பட்டது 1956இல்தான். அது திறக்கப்பட்டு 87 ஆண்டுகள் கழிந்தபின்!

கொழும்பில் ஒரு கைதி

தோற்ற உராபி பாஷா எங்கே அனுப்பப்பட்டார் தெரியுமா? நம் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் இலங்கைக்கு. 1883 ஜனவரியில் கொழும்பு வந்திறங்கிய அவர், 1901 வரை அத்தீவிலேயே வாழ்ந்தார். ‘முஸ்லிம் நேசன்’ இதழை நடத்திய கண்டி வழக்கறிஞர் சித்தி லெப்பை, அக்காலத்தில் முஸ்லிம்களின் கல்விக்காகப் பாடுபட்டு வந்தார். அம்முயற்சிக்கு உராபி பாஷா உறுதுணையாக நின்றார். 1892இல் கொழும்பில் தொடங்கப்பட்ட அல்மத்ரஸத்துஸ் ஸாஹிராவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. நாட்டையும் பதவியையும் இழந்து வந்தவர், அடைக்கலம் தந்த சமுதாயத்திற்குக் கல்வியையே நற்பணியாக விட்டுச் சென்றார்.

நமக்கான பாடம்

சகோதரர்களே! எகிப்தை வீழ்த்தியது இயந்திரம் அன்று. அந்நியரின் பேராசைக்கு அதில் பெரும் பங்குண்டு என்பது உண்மை. ஆனால் அவர்கள் நுழைவதற்கான வாசலைத் திறந்து வைத்தவை இரண்டு: உழைப்பாளிக்கு இழைத்த அநீதியும், வட்டிக் கடனும். உழைப்பைப் பெற்றுக்கொண்டு கூலியைத் தராதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வாதாடுவான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கடன் சுமையிலிருந்து தம் தொழுகையிலேயே பாதுகாவல் தேடியுள்ளார்கள்.

இவற்றை மன்னர்களின் கதையென்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் கடையில் நிற்கும் பையனுக்கு உரிய நாளில் உரிய சம்பளம் தருகின்றோமா? திருமணத்தின் ஆடம்பரத்திற்காக நகையை வட்டிக்கு அடகு வைப்பவன், சிறிய அளவில் இஸ்மாயீல் பாஷாவின் வழியில் அல்லவா நடக்கின்றான்? நல்ல வருமானம் வரும் ஆண்டில் அதை நிரந்தரமென நம்பிச் செலவைப் பெருக்கும் குடும்பங்கள் நம் மஹல்லாவில் இல்லையா? அந்தப் பணத்தை மகனின் கல்விக்கும் மகளின் கல்விக்கும் செலவிட்டிருந்தால், எந்தக் கடன்காரனாலும் பறிக்க இயலாத செல்வமாக அது இருந்திருக்குமே!

புதிய தொழில்களைக் கற்போம், நேர்மையாக நடத்துவோம், வட்டியை விட்டு விலகுவோம். வல்ல நாயன் அல்லாஹ் நம் பொருளில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும் தந்தருள்வானாக! ஆமீன்.