திருவனந்தபுரத்தில் ரேடியோ ஏரியலும் மின்னல் காப்பும்

1943 மார்ச் 12 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் திருவனந்தபுரத்தில் வானொலி நிலையத்தைத் தொடங்கிவைத்தார். 1950 ஏப்ரல் 1 அன்று அது அகில இந்திய வானொலியின் கீழ் வந்தது. அக்காலத்து வால்வு ரேடியோ தொலைதூர நிலையங்களைத் தெளிவாகப் பிடிக்க வெளியே ஏரியல் கட்ட வேண்டும். உயரத்தில் இழுத்துக் கட்டிய செம்புக்கம்பி, இரு முனையிலும் பீங்கான் இன்சுலேட்டர், அங்கிருந்து ஜன்னல் வழியே பெட்டிக்கு இறங்கும் ஒயர்: அவ்வளவுதான் ஏரியல்.

மார்ச் முதல் மே வரை கோடை இடிமழை, அக்டோபரிலிருந்து துலாமழை என மின்னலுக்கு இங்கே இரண்டு பருவங்கள். பிற்பகலில் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரளும் மேகம் மாலையில் கடற்கரைப் பக்கம் நகரும். வீடுகளில் ரேடியோ பாடும் நேரமும் அதுவே.

முதற்காப்பு, ஜன்னலோரம் பொருத்தும் கத்தி சுவிட்ச். ஒரு பக்கம் சாய்த்தால் ஏரியல் பெட்டியோடு சேரும். மறுபக்கம் சாய்த்தால் எர்த்தோடு சேரும். ஆள் இல்லாதபோது காக்க, தந்தித் துறையில் முன்பே பழகிய அரெஸ்டர் வந்தது. அதில் இரு உலோக முனைகளுக்கு நடுவே நூலிழை இடைவெளி இருக்கும். மின்னழுத்தம் ஏறினால் பொறி தாவி மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். அக்கம்பக்கத்தில் விழும் மின்னல் கம்பியில் தூண்டும் அழுத்தத்தையே இது தாங்கும். ஏரியலிலேயே விழும் பல்லாயிரம் ஆம்பியரைத் தாங்காது.

ஃபெரைட் தண்டை உள்ளேயே வைத்த டிரான்சிஸ்டர் ரேடியோ பரவியதும் கூரைக் கம்பிகள் மறைந்தன. சிற்றலை நேயர்களும் ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களும் மட்டும் அவற்றை விடவில்லை. வால்வு பொறுத்த அதிர்ச்சியை டிரான்சிஸ்டர் பொறுக்காது. ஆகவே நுழைவாயிலில் வாயுக்குழாய் அரெஸ்டரும், அதன் பின்னே எதிரெதிராக இணைத்த டையோடுகளும் இடம்பிடித்தன.

ஆனால் அரெஸ்டர் எதுவானாலும் அதன் பலம் எர்த்தில்தான். வெட்டுக்கல் நிலத்தில் மின்தடை அதிகம். குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றினாலும் ஓரளவே குறையும். எர்த் ஒயரின் நீளமும் பகை. ஒரு மீட்டர் ஒயரின் தூண்டம் சுமார் 1 மைக்ரோஹென்றி. மின்னோட்டம் மைக்ரோ விநாடிக்கு 10,000 ஆம்பியர் வீதம் ஏறினால் ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் நிற்கும். ஏரியலுக்குத் தனி எர்த், வீட்டு மின் இணைப்புக்குத் தனி எர்த் என்றிருந்தால் இரண்டுக்கும் இடையே எழும் அழுத்த வித்தியாசத்தால் மின்சாரம் ரேடியோ வழியாகவே பாயும்.

1978இல் நகரில் நிறுவப்பட்ட புவி அறிவியல் ஆய்வு மையத்தில் எஸ். முரளிதாஸ் முதலியோர் கேரள மின்னலை ஆராய்ந்தனர். வீட்டருகே மரத்தில் விழுந்த மின்னல் மேல்மண் வழியே பரவி அஸ்திவாரத்துக்குள் நுழைவதைக் கண்டு, வீட்டைச் சுற்றி மண்ணில் வளையமாகக் கடத்தியைப் புதைக்கும் முறையைப் பரிந்துரைத்தனர். ஏரியல் அரெஸ்டர், கோஆக்சியல் கேபிளின் உறை, மின் எர்த் மூன்றையும் அந்த வளையத்தில் சேர்த்தால், மண் எவ்வளவு மோசமானாலும் எல்லாம் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் ஏறி இறங்கும். பெட்டிக்குள் பாய வித்தியாசம் மிஞ்சாது. நேரடி மின்னலுக்கு மட்டும் பழைய வழிதான்: மேகம் கறுக்கும் முன்பே கேபிளைக் கழற்றி வெளியே விட்டு, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.